நூற்றுப் பதினெட்டாம் பதிவு

“மூணு பெட்டி போதுமாம்மா, இல்ல இன்னொண்ணு வேணுமா?” என்று சக்கரபாணி பணிவுடன் வினவினார். வைக்கோல் பரப்பிய மரப்பெட்டிகள் மூன்றும் வேனிலிருந்து இறக்கப்பட்டு, அடி அண்ணாமலை கிராமத்தில் ஒரு சிறிய ஓட்டு வீட்டின் வாசலை அடைத்துக்கொண்டிருந்தன.

“போதுங்க. அதுவே ஜாஸ்தி,” என்றார் சந்திரம்மாள். அவருடைய கணவர் தருமன் மறைந்து அன்றோடு மூன்று மாதங்கள் நிறைவடைந்திருந்தன.

தருமன், திருவண்ணாமலையில் ஓர் அரவை மில்லில் மூட்டைகளை எடை போட்டு வந்தவர். ஆசிரமத்தின் அருகே தங்கியிருந்த வெளிநாட்டவர் ஒருவர் ஊர் திரும்புகையில் அவரிடம் தம் மின்சாரக் கிட்டாரையும் டேப் ரெக்கார்டரையும் கொடுத்துச் சென்றார். அன்று முதல் பன்னிரண்டு ஆண்டுகள், எவரிடமும் பயிலாமல், தமக்குத் தோன்றியவாறெல்லாம் ராக் இசை வாசித்துப் பதிவு செய்தவர் தருமன்.

அப்பதிவுகளுக்கு வரிசை எண்ணிட்டு, ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு நோட்டில் குறிப்பும் எழுதியிருந்தார். அவருடைய கடைசி விருப்பப்படி, அந்த நோட்டை மட்டும் சந்திரம்மாள் சென்னைக்குத் தபாலில் அனுப்பினார். அதைப் படித்த இசைத்தட்டு நிறுவனத்தின் முதலாளி, “எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள், கேட்டுத் தேர்ந்தெடுத்து வெளியிடுவோம்,” என்று தம் அலுவலர் சக்கரபாணியை வேனுடன் அனுப்பிவிட்டார்.

சக்கரபாணி நோட்டைப் பிரித்து ஒரு பக்கத்தைக் காட்டினார். ‘118. கிட்டாரை ரேடியோவோடு இணைத்தது. மூன்றாம் கம்பிக்கு அடியில் சைக்கிள் ஸ்போக். ஆறாவது நிமிடத்தில் கரண்ட் குறைந்து ரேடியோ முனகியது. அதுவும் நன்றாகவே இருக்கிறது.’

“இந்த ஒண்ணை நான் கேட்டிருக்கேம்மா. எழுபத்தொம்பதுல அவரே மெட்ராஸ் வந்து போட்டுக் காட்டினார். ஏழு வருஷம் ஆச்சு, அது மாதிரி இன்னொண்ணு என் காதுல விழல.”

“தெரியுங்க. ‘முழுசா உக்காந்து கேட்டவரு அவரு ஒருத்தருதான்’னு உங்களைச் சொல்லிக்கினே இருப்பாரு.”

“கேசட்டை விட்டுட்டுப் போங்க, முதலாளி வந்ததும் போட்டுக் காட்டறேன்னு எவ்வளவோ கேட்டேன். முடியாதுன்னு சட்டைப் பையில வெச்சுக்கிட்டுக் கிளம்பிட்டார். ரொம்ப கர்வம் போலன்னு நெனச்சேன். தப்புன்னா நீங்க மன்னிக்கணும்.”

“கர்வம்லாம் இல்லீங்க. அத வுட்டுட்டு வந்தா அவரு கை ஒடிஞ்ச மாதிரி ஆயிடுவாரு.”

அதற்குள் அடுத்த வீட்டு ஜோதியம்மாள் வேலியருகே வந்து நின்றுவிட்டார். “ஏ சந்திரா! மில்லு பெல்ட்டு அந்து போன மாதிரி கத்துமே, அந்தச் சத்தத்தையா பொட்டி கட்டி எடுத்துக்கினு போறாங்க? நல்லா போவட்டும். எங்க எருமை இனிமேலாச்சும் பால் குடுக்கும்!”

வேனின் ஓட்டுநர் வாய்விட்டுச் சிரித்தார். சந்திரம்மாள் சிரிக்கவில்லை.

“தட்டுல அவரு பேரு போடுவாங்களா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“அட்டையிலேயே போடுவோம்மா, பெரிய எழுத்துல.”

“அது போதுங்க. வேற ஒண்ணும் வேணாம். பைத்தியம் புடிச்சே செத்தான்னு என் காதுபடவே பேசறாங்க. நான் சொன்னா யாரும் நம்பல. அது பாட்டுதான்னு ஊருக்குத் தெரிஞ்சா, அவரு பேராச்சும் தப்பிக்கும்.”

“நானோ நீங்களோ சொல்லவே வேணாம்மா. நூத்திப் பதினெட்டைக் கேட்டாலே யாருக்கும் புரிஞ்சுடும். முதல்ல அது என் கைக்கு வரட்டும்.”

இருவரும் வீட்டினுள் சென்றனர். சுவரில் ஆணியொன்றில் கிட்டார் தொங்கியது. அலமாரி எதுவும் தென்படவில்லை. மூலையில் ஓர் இரும்புப் பெட்டி மட்டும் பூட்டியிருக்கக் கண்டு, சக்கரபாணி நிம்மதியுடன் தரையில் அமர்ந்தார். ஒன்று முதல் முந்நூற்றுப் பன்னிரண்டு வரை எண்கள் எழுதிய சீட்டுகளையும் பசைப் புட்டியையும் பையிலிருந்து எடுத்து, வரிசை தவறாமல் அடுக்கி வைத்துக்கொண்டார்.

சந்திரம்மாள் பெட்டியைத் திறந்தார். இரண்டு புடவைகள் வெளியே வந்தன. அதன்பின் ஒரு வேட்டி, மில்லுக்கு அணிந்து சென்ற காக்கிச் சட்டை. எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து மஞ்சள் துணி முடிச்சொன்றை எடுத்து, மடிப்பு மடிப்பாக அவிழ்த்தார்.

அதனுள் ஒரு கேசட் இருந்தது. அதை இரு கைகளாலும் ஏந்தி அவரிடம் கொடுத்தார். மேலே, பலமுறை ரப்பரால் அழித்துத் தேய்ந்த இடத்தில், பென்சிலால் 312 என்று எழுதப்பட்டிருந்தது.

“கடைசியிலேர்ந்து ஆரம்பிக்கிறீங்க. பரவாயில்லம்மா,” என்று சக்கரபாணி புன்னகைத்தார். முந்நூற்றுப் பன்னிரண்டாம் சீட்டை அதன்மேல் ஒட்டிவிட்டு, அடுத்ததை வாங்கிக்கொள்ள மறுபடியும் கையை நீட்டினார்.

சந்திரம்மாள் துணிகளைத் திரும்ப அடுக்கிப் பெட்டியை மூடினார்.

நீட்டிய கை அப்படியே நின்றது. “மத்ததெல்லாம் எங்கம்மா? அந்த நூத்திப் பதினெட்டு?”

மூன்று மாதங்களில் முதன்முறையாக அந்த அம்மையாரின் முகம் மலர்ந்தது.

“எல்லாமே இதுக்குள்ளதாங்க இருக்குது, ஒண்ணு மேல ஒண்ணா.”