கூட்டணியில் இல்லாதவர்கள்

அட்டையை வைத்ததும் இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

விமான நிலையத்தில் உறுப்பினர்கள் ஓய்வெடுக்கும் லவுஞ்சின் வரவேற்பு மேசையில் இருந்தவள் அட்டையைக் கைக்குட்டையால் துடைத்து மறுபடியும் வைத்தாள். மறுபடியும் சிவப்பு. காலையிலிருந்து இது முப்பத்தோராவது ஆள். துடைத்தால் பச்சையாகாது என்று அவளுக்குத் தெரியும். எடுத்தவுடனே இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

எதிரே நின்றவர் ஒரு மருந்துக் கம்பெனியின் மேலாளர். பதினோரு வருடங்களாக மாதம் இரண்டு தடவை இந்த வழியாகப் போகிறவர். எப்போது வந்தாலும் ஜன்னல் பக்கத்து மூலையில்தான் உட்காருவார் என்பதால் உள்ளே வேலை செய்கிறவர்கள் அவருக்கு ‘ஜன்னலோரம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இன்று ஜன்னலோரம் தனியாக வரவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அவருடைய அக்கா நின்றிருந்தார். வலது கண்ணில் பெரிய கட்டு. இடது கண்ணும் வெளிச்சம் தாங்காமல் சுருங்கியிருந்தது.

“முந்தாநேத்துதான் ஆபரேஷன். பிளைட் நாலு மணி நேரம் லேட்டாம். உள்ள அந்த இருட்டு ரூம்ல இவங்களைக் கொஞ்சம் படுக்க வெச்சாப் போதும்மா.”

காலையிலிருந்து சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன விளக்கத்தை அவள் மறுபடி ஆரம்பித்தாள்.

அவருடைய தங்க அட்டை செல்லும். ஆனால் அந்த அட்டையைக் கொடுத்த விமான நிறுவனம் நேற்றோடு மற்ற நிறுவனங்களுடனான கூட்டணியிலிருந்து விலகிவிட்டது. லவுஞ்ச் கூட்டணியுடையது. அதனால் இனி அந்த அட்டைக்கு இங்கே கதவு திறக்காது. உறுப்பினருக்கே இல்லையென்றால் அவர் கூட வருகிறவருக்கும் இல்லை.

அரசியலில் கூட்டணி உடைந்தால் தலைவர்கள் அடுத்த மேடையில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். இங்கே உடைந்தால் பயணிக்கு வெளியே இருக்கிற இரும்பு நாற்காலிதான்.

முப்பத்தொரு தடவையும் சிரித்த முகமாகவே சொன்னதில் அவளுக்குத் தாடை விட்டுப்போயிருந்தது.

ஜன்னலோரம் சத்தம் போடுகிற மனிதர் அல்ல. டீ ஆறிப்போயிருந்தாலும் குடித்துவிட்டுப் போகிறவர். இன்று சத்தம் போட்டார்.

“என் பொண்டாட்டி முகத்தைவிட உங்க முகத்தைத்தாம்மா அதிகமாப் பார்த்திருக்கேன். திடீர்னு நீ யாருன்னு கேட்டா எப்படி? உங்களுக்கென்ன, எந்தக் கம்பெனி வந்தா என்ன, போனா என்ன!”

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“விடு தம்பி,” என்றார் அக்கா. “அந்தப் பொண்ணு என்ன பண்ணும்? அது போட்ட சட்டமா? வா, வெளியவே உக்காரலாம்.”

சொல்லிவிட்டுத் திரும்பியவர், கதவு இருக்கும் பக்கம் தெரியாமல் பூந்தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.



அவள் இழுப்பறையைத் திறந்தாள். ஊழியர்களுக்கு வருடத்துக்கு இரண்டு விருந்தினர் சீட்டு உண்டு, வீட்டு ஆட்களை அழைத்துவர. ஒன்றைத் தங்கை வீட்டுக்காரர் வந்து தீர்த்திருந்தார். இன்னொன்று மிச்சம் இருந்தது. அதை எடுத்து விருந்தினர் பெயரைக் கேட்டு எழுதினாள். ஊழியர் எண் என்ற கட்டத்தில் பேனா சற்று நின்றது. பிறகு எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டு, தட்டில் இருந்த மற்ற சீட்டுகளோடு வைத்தாள்.

“ஒரு ஆளுக்குத்தான் சார் இருக்கு. நீங்க வெளிய இருங்க. இவங்களை நான் கூட்டிட்டுப் போறேன்.”

அவர் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

இருட்டறையில் திரையை இழுத்துவிட்டு, அந்த அம்மாளைச் சாய்நாற்காலியில் படுக்க வைத்துப் போர்த்திவிட்டாள். அவர் அவள் கையை விடவில்லை.

“உன் வேலைக்கு ஒண்ணும் வந்துடாதே?”

“ஒண்ணும் வராதுக்கா. தூங்குங்க.”

மத்தியானம் இரண்டு மணிக்குப் புது மேற்பார்வையாளர் வந்தாள். சின்னப் பெண், இஸ்திரி கலையாத சீருடை. தட்டில் இருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வந்தவள் ஒரு சீட்டில் நின்றாள். சீட்டைப் பார்த்தாள். இவளைப் பார்த்தாள்.

“அக்கா, இந்த நம்பர்…”

“தெரியும். அவங்களா எழுந்திரிக்கிற வரைக்கும் எழுப்ப வேண்டாம்.”

கூட்டணியை விட்டுப் போன நிறுவனம்தான் இவளை இங்கே வேலைக்கு வைத்திருந்தது. பதினாறு வருட வேலையும் சீட்டில் எழுதிய அந்த ஊழியர் எண்ணும் நேற்றோடு முடிந்துபோயின. தெரிந்த முகம் சொன்னால் ஆட்கள் அதிகமாகச் சண்டை பிடிக்க மாட்டார்கள், ஒரே ஒரு நாள் வந்து சொல்லிவிட்டுப் போங்கள் என்று லவுஞ்ச் நிர்வாகம் கேட்டுக்கொண்டதற்காக இன்று வந்திருந்தாள்.

சின்னப் பெண் அந்தச் சீட்டை அடுக்கின் அடியில் செருகினாள். பிறகு, நிமிர்ந்து பார்க்காமல் கையை நீட்டினாள். இவள் தன் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். அட்டை இல்லாமல் திறக்காத கண்ணாடிக் கதவை அந்தப் பெண்தான் திறந்துவிட வேண்டியிருந்தது.

வெளியே இரும்பு நாற்காலியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் சங்கடத்தோடு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டார்.

“அக்கா தூங்கிட்டாங்களா?”

“நல்லாத் தூங்குறாங்க.”

“உங்களுக்குச் சாப்பாட்டு நேரமாம்மா?”

“ஆமா சார்,” என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள்.