இருபத்தெட்டு லென்ஸ்

"இது லென்ஸா, இல்ல தண்ணித் தொட்டிக்குப் போடற குழாயா?"

கடைன்னும் பாக்காம கத்தினா மிளகா. வகுப்புல அவளுக்கு வெச்ச பேரு அது. அவ வாயைத் தெறந்தா எதிராளி கண்ணுல தண்ணி வராம இருக்காது.

கூட வந்த பீரங்கி கேமராவைத் தோள்ல ஏத்திக்கிட்டான். முழங்கை நீளத்துக்கு ஜூம் லென்ஸ் வெச்சிருக்கிறதால அவன் பீரங்கி.

ரெண்டு பேரும் போட்டோகிராபி கடைசி வருஷம். கண்காட்சிக்குக் குடுத்த தலைப்பு, 'காத்திருப்பு'. ஆஸ்பத்திரி வராந்தாவுல எடுக்க அனுமதி வாங்கியாச்சு. முன்சுவத்துல யாரோட படம் ஏறுதோ, அவங்களுக்குப் பத்திரிகை ஆபீஸ்ல வேலை. வேலை ஒண்ணுதான். ரெண்டு பேருக்குமே வேணும்.

"நொந்துபோய் உக்காந்திருக்கிறவங்க மூஞ்சிக்கு நேரா இந்த உலக்கையை நீட்டுவியா? மனசாட்சி இல்ல?"

"தூரத்துல நின்னுதானே எடுக்கறேன்."

"மரத்துக்குப் பின்னாடி நின்னு மானைச் சுடறவனும் இதையேதான்டா சொல்லுவான்!"

கடைக்காரர் மூணு குட்டி லென்ஸை எடுத்து வரிசையா வெச்சார்.

"எதுலயும் ஜூம் கிடையாதும்மா. கிட்டத்துல வேணும்னா நீதான் நடந்து போகணும். இது ஐம்பது எம்.எம்., மூஞ்சியை மட்டும் எடுத்துக் குடுக்கும். இது முப்பத்தஞ்சு, நடுவாந்தரம். இந்த இருபத்தெட்டு இருக்கே, ஆளோட சேர்த்து அக்கம்பக்கத்தையும் அள்ளிக்கும். உனக்கு எது வேணும்?"

"மனுஷங்களை எடுக்கணும், அண்ணே. அவங்களுக்குத் தொந்தரவு இல்லாம."

"அப்ப ஐம்பதை எடுத்துக்கோ. கொஞ்சம் தள்ளியே உக்காரலாம்."

அவ இருபத்தெட்டை எடுத்துத் தன்னோட சின்னக் கேமராவுல மாட்டிப் பாத்தா. பிஸ்கட் கனம்தான் இருந்தது. லென்ஸா மூடியான்னே தெரியல.

"இதுதான். கேமரா இருக்கிறதே யாருக்கும் தெரியாது."

"தெரிஞ்சா என்ன?"ன்னான் பீரங்கி.

"பயப்படுவாங்கடா, மரமண்டை! இதுக்குப் பேரு மரியாதை. உனக்கெல்லாம் எங்க புரியப்போகுது?"

மூணு நாள் வராந்தாவே கதியா கெடந்தா. மூணாம் நாள் சாயங்காலம், மூலையில இருந்த பெஞ்சுல ஒருத்தர். ஒரு கையில மருந்துச் சீட்டு. இன்னொரு கையால வாயைப் பொத்திக்கிட்டுச் சத்தமில்லாம அழுதுட்டிருந்தார்.

மிளகா எதிர்ல போய் உக்காந்தா. கேமரா மடியில. சத்தம் வராத மாதிரி ஏற்கெனவே மாத்தி வெச்சிருந்தா. விரல் மட்டும் லேசா அசைஞ்சது. அவர் நிமிரக்கூட இல்ல.

அந்தப் படம்தான் முன்சுவத்துல ஏறிச்சு. பொத்தின கை, அதுக்கு மேல அந்தக் கண்ணு, பின்னாடி 'புற்றுநோய்ப் பிரிவு'ன்னு பலகை.

"அந்தப் பலகை இல்லன்னா இது வெறும் அழுகைதான்"னு புரொபசர் தட்டிக் குடுத்தார். கல்லூரி அழைப்பிதழ்லயும் அதையே போட்டு, போன் இருக்கிற எல்லாருக்கும் அனுப்பிச்சாங்க.

பீரங்கியோடது மூலையில தொங்கிச்சு. யாரோ ஒரு காவலாளி கொட்டாவி விடற படம்.

"அவ்வளவு பெரிய பீரங்கிக்குக் கொட்டாவிதான் சிக்கிச்சா?"

அவன் சிரிச்சு வெச்சான்.

கண்காட்சியோட ரெண்டாம் நாள் மத்தியானம் அந்த பெஞ்சுக்காரரே வந்துட்டார். தன் படத்துக்கு முன்னாடியே ரொம்ப நேரம் நின்னார்.

"இது யாரும்மா எடுத்தது?"

"நான்தாங்க!" பெருமையா முன்னாடி வந்தா மிளகா.

"என் பொண்ணு வெளியூர்ல படிக்கிறா. அவளுக்கு இது போன்ல போயிருக்கு." அவர் குரலை ஒசத்தல. "அம்மாவுக்கு வயித்துவலின்னு சொல்லி வெச்சிருந்தோம். பரீட்சை முடியற வரைக்கும் அவளுக்குத் தெரியக் கூடாதுன்னா என் வீட்டுக்காரி. அவ கேட்டது அது ஒண்ணுதான். பொண்ணு பலகையைப் படிச்சிட்டா. பரீட்சையை விட்டுட்டு பஸ் ஏறிட்டா."

மிளகா படத்தையும் அவரையும் மாறி மாறிப் பாத்தா.

"நான்... உங்களுக்குத் தொந்தரவு வேணாம்னுதாங்க..."

"தொந்தரவு பண்ணியிருக்கலாமேம்மா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"இப்பவே கழட்டிடறேங்க."

"இனிமே இருந்தா என்ன, கழட்டினா என்ன?"

பஸ் வந்து சேர்ற நேரம்னு சொல்லிட்டு, தளர்ந்த நடையா வெளிய போனார்.

மிளகா சட்டத்தைப் பிடிச்சு இழுத்தா. ஆணியில மாட்டிக்கிட்டு வரல. பீரங்கி வந்து மறுபக்கம் பிடிச்சான். ரெண்டு பேரும் இறக்கித் தரையில சாய்ச்சாங்க.

யார் மேலயாவது பாஞ்சே ஆகணும் அவளுக்கு.

"இப்பச் சந்தோஷமா? சிரியேன்! வேலை உனக்குத்தான்! ஏதோ நீ மட்டும் யோக்கியன் மாதிரி நிக்காத. அன்னைக்கு நீயும் அங்கதானே இருந்த? தூண் பக்கத்துல பாத்தேனே! உன் லென்ஸுக்கு அவர் எட்டியிருந்தா நீயும்தான் எடுத்திருப்ப!"

"எட்டினார்."

"அப்புறம்?"

"நீ வர்றதுக்கு முன்னாடிதான். இவ்வளவு பெருசைத் தூக்கினா யாருக்குத்தான் தெரியாது? பாத்துட்டார். வேணாம்னு தலையாட்டினார். இறக்கிட்டேன்."