டீ மாதிரி

ஏரித் தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வகம் அது. பாட்டிலில் எண் போட்ட ஸ்டிக்கரை ஒட்டி மேசையில் வைத்துவிட்டால் போதும், மிச்ச வேலையை இயந்திரக் கை பார்த்துக்கொள்ளும். அன்று அங்கே வேலை பார்க்கும் பொற்கொடி போனில் பேசிக்கொண்டே, தண்ணீர் பாட்டிலில் ஒட்ட வேண்டிய ஸ்டிக்கரைத் தன் டீ கப்பில் ஒட்டிவிட்டுப் போய்விட்டாள்.

இயந்திரக் கை வந்து கப்பைத் தூக்கியது.

"ஐயோ, நான் டீங்க!" என்றது கப்.

"ஸ்டிக்கர்ல 'மாதிரி 417'னு போட்டிருக்கே."

"மாதிரியெல்லாம் இல்லீங்க, அசல் டீ. இஞ்சிகூடத் தட்டிப் போட்டிருக்கு."

"சரி, டீ மாதிரின்னே வச்சுக்குவோம். எனக்கு மாதிரியா இருந்தாப் போதும்" என்றது கை.

பக்கத்திலிருந்த பாட்டில் பொறுமையாகச் சொன்னது: "தம்பி, ஏரித் தண்ணி நான்தான். எனக்குள்ள என்னென்னவோ நெளியுது. என்னைக் கொஞ்சம் பாரேன்."

"உங்க நம்பர்?"

"நம்பர் இல்லை."

"அப்ப நீங்க இன்னும் வரலை."

கப் உள்ளே போனது. கொதித்த டீயில் கிருமி ஏது? திரையில் பச்சை எழுத்து வந்தது: "மாதிரி 417. நிறம் பழுப்பு. கிருமி இல்லை. குடிக்கலாம்." அந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததும், ஏரிக்கரையில் குடிநீர் மோட்டார் தானாக ஓடத் தொடங்கியது.

"நான் பாஸாயிட்டேன்!" என்று பூரித்தபடி வெளியே வந்தது கப்.

"சந்தோஷம்" என்றது பாட்டில். "உன்னைக் கீழே கொட்டிடுவாங்க. என்னைத்தான் குடிக்கப்போறாங்க."