தொட்டித் தண்ணீர்

ரலிட்சா மேலும் கீழுமாக மூன்று முறை தலையாட்டினாள். டெரிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, விசிலடித்தபடி தன் புத்தம் புதுக் கேரவனுக்குத் திரும்பிப் போனான்.

அவள் கேரவன் கூரையிலிருந்து பனியைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் அவன் வந்து கேட்டிருந்தான். "இந்தாம்மா, நாங்க சறுக்கப் போறோம். சாயங்காலம் வரைக்கும் ஹீட்டரை அணைச்சுட்டு, தொட்டித் தண்ணிய அப்படியே விட்டுட்டுப் போகலாமா?"

குளிர் மைனஸ் பதினைந்து. ஹீட்டரை அணைத்தால் தண்ணீர் உறையும், உறைந்தால் குழாய் வெடிக்கும். அந்த முகாமில் திரிகிற நாய்க்குக்கூட இது தெரியும், டெரிக்குக்குத் தெரியவில்லை. மூக்குவரை துண்டு சுற்றியிருந்த ரலிட்சாவையும் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

அடித்தவன் மறந்துவிடுவான், பட்டவள் மறப்பாளா?

போன குளிர்காலம். இதே பிரின் மலையடிவாரம், இதே முகாம். ரலிட்சா குடும்பத்தோடு சறுக்கப் போயிருந்த நேரத்தில், டெரிக் அவர்களுடைய மின்சார வயரைப் பிடுங்கிவிட்டுத் தன் பூட்ஸ் காய வைக்கும் கருவியைச் செருகினான். ஹீட்டர் நின்றது, குழாய் வெடித்தது, படுக்கை எல்லாம் நனைந்தது. வருடம் முழுக்க கேரவனிலேயே குடித்தனம் செய்கிறவர்களுக்கு வேறு வீடு ஏது? அந்த ஈரத்தில் படுத்து மகள் யானாவுக்கு நிமோனியா வந்து, பிழைத்ததே பெரிய விஷயம்.

நியாயம் கேட்கப் போனவளிடம், இன்ஜினைக் கிளப்பிக்கொண்டே டெரிக் சிரித்தான். "குளிர்ல வண்டிய விட்டுட்டுப் போறதுக்கு முன்னாடி, தெரிஞ்சவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகணும்."

இவனோடு இனி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று அன்றைக்குச் சபதம் போட்டாள். இன்று அவனே வந்து கேட்கிறான்.

உள்ளே அவள் கணவன் ஸ்விலென் பீன்ஸ் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"மிளகாத்தூள் இன்னும் கொஞ்சம் போடட்டுமா, ரலி?"

ரலிட்சா இடமும் வலமுமாகத் தலையை ஆட்டினாள். அவன் இன்னொரு கரண்டி தூள் போட்டுக் கிண்ணத்தை நீட்டினான். அவள் அதை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"அந்த இங்கிலீஷ்காரன் என்ன கேட்டான்?"

"ஹீட்டரை அணைச்சுட்டு, தண்ணிய தொட்டியிலயே விட்டுட்டுப் போகலாமான்னு."

"அவனோட பேச மாட்டேன்னியே?"

"பேசலையே. தலைய மட்டும் ஆட்டினேன். உள்ளத உள்ளபடி."

"உனக்கு ரொம்ப நல்ல மனசு. நானா இருந்தா வேணும்னே தப்பா சொல்லியிருப்பேன்."

"அந்தப் பாவம் எனக்கெதுக்கு?" என்றாள் ரலிட்சா. ஏழெட்டு தேசம் சுற்றியவள், எந்த ஊரில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி.

வெளியே டெரிக்கும் அவன் மனைவியும் சறுக்குப் பலகைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார்கள். ஒரு குரல் கொடுத்தால் போதும், திரும்பி வந்துவிடுவான். அவள் சூப்பை ஊதி ஊதிக் குடித்தாள். இத்தனை மாதம் எரிந்துகொண்டிருந்த வயிறு அன்றைக்குத்தான் குளிர்ந்தது.

சாயங்காலம் டெரிக் திரும்பி வந்து ஹீட்டரைப் போட்டான். உறைந்தது உருக உருக, வெடித்த குழாய் வழியே தண்ணீர் கொட்டி கேரவனே குளமானது. அவன் போட்ட கூச்சலில் முகாமே கூடிவிட்டது. முகாமை நடத்துகிற போஷிதாரைக் கையோடு இழுத்துக்கொண்டு ரலிட்சாவின் கதவைத் தட்டினான்.

"இவகிட்ட கேட்டுட்டுத்தான் போனேன். போகலாம்னு மூணு தடவை தலையாட்டினா. என் பொண்டாட்டியும் பார்த்தா. முதல்ல இவங்கள வெளிய அனுப்புங்க."

அடுத்தவர் வண்டிக்குக் கெடுதல் செய்தால் அன்றைக்கே இடத்தைக் காலி செய்ய வேண்டும், அதுதான் அந்த முகாமின் சட்டம். மறுநாள் பிள்ளைகளுக்கான சறுக்குப் போட்டி. யானா தன் சின்னப் பலகைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "நாம போகணுமாம்மா?"

ஸ்விலென் திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தான்.

போஷிதாரின் முகம் இறுகியது. "ஏம்மா, இவர் கேட்டப்போ நீ தலைய மேலயும் கீழயும் ஆட்டினது நிஜமா?"

ரலிட்சா இடமும் வலமுமாகத் தலையை ஆட்டினாள்.

"பார்த்தீங்களா, மூஞ்சிக்கு நேரா இல்லைங்கிறா. பச்சைப் பொய்."

போஷிதார் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். "இல்லைங்கல தம்பி, நிஜம்தான்னு ஒத்துக்கிறா. எங்க பல்கேரியாவுல ஆமான்னா இப்படித்தான் ஆட்டுவோம்."

டெரிக் அவள் பக்கம் திரும்பினான். "அப்போ... காலைல மேலயும் கீழயும் ஆட்டினது?"

ரலிட்சா சபதத்தை முறித்து, அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"கூடாதுன்னு மூணு தடவை சொன்னேன்."