இன்ஜின் அண்ணாந்து பாத்த நாள்

டீசல் விலை மறுபடியும் எகிறுனதுல, மூணு நாளா ஒரு சொட்டு கூட கிடைக்காம தோட்டத்து டீசல் இன்ஜின் சும்மா கிடந்துச்சு. "இன்னிக்குத் தண்ணி வரலைன்னா செத்துருவேன் அண்ணே"ன்னு மிளகாச்செடி கெஞ்சுச்சு.

"என்கூட வந்த மோட்டாரை நான் ஓட்டுறேன்"னு நேத்து வந்த சோலார் பலகை சொல்லுச்சு.

இன்ஜினுக்கு ஒரே சிரிப்பு. "புகை இல்ல, சத்தம் இல்ல, மல்லாந்து படுத்திருக்க. இதெல்லாம் ஒரு வேலையாடா?"

வெயில் ஏறுச்சு. குழாய்ல தண்ணி குபுகுபுன்னு கொட்டுச்சு பாருங்க! செடி குடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

இன்ஜின் மிரண்டு போச்சு. "டேய், உனக்கு எங்கேர்ந்துடா டீசல் வருது?"

"மேல பாருங்கண்ணே."

இன்ஜின் முதல் தடவையா அண்ணாந்து சூரியனைப் பாத்துச்சு.

"யம்மாடி! இவ்ளோ பெரிய டேங்க்கா? இதை யாருப்பா நிரப்புறா?"