சுவரில் இருந்த சிலுவையும் கதவுக்குப் பின்னால் இருந்த விளக்குமாறும்

குருத்து ஞாயிறன்று சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்த தென்னங்குருத்துச் சிலுவை, மதலேனாள் வீட்டுச் சுவரில் ஏறியதிலிருந்து தலைகால் புரியாமல் இருந்தது.

கதவுக்குப் பின்னால் நின்ற விளக்குமாறு ஒருநாள், "அண்ணே, உங்கமேல ஒட்டடை படிஞ்சிருக்கு. தட்டிவிடட்டுமா? நானும் தென்னைதான்" என்றது.

"நீ எங்கே, நான் எங்கே! நான் பீடத்தைப் பார்த்தவன். தள்ளி நில்லு."

விளக்குமாறு தள்ளி நின்றது.

மறு வருடம் திருநீற்றுப் புதன் வந்தது. நெற்றியில் பூசும் சாம்பலுக்காகப் வீடுகளிலிருந்து கொண்டுவந்த பழைய குருத்துச் சிலுவைகளையெல்லாம் கோயில் வாசலில் எரித்தார்கள். காற்று அடித்ததில் மதலேனாள் வீட்டுச் சிலுவையின் சாம்பல் பறந்து படிக்கட்டில் விழுந்தது. பூசைக்குச் சனம் வரத் தொடங்கியிருந்தது.

"ஐயோ, மிதிச்சிடுவாங்களே!" என்று அலறியது சாம்பல்.

வாசல் பெருக்க மதலேனாள் அந்த விளக்குமாற்றைத்தான் கொண்டுவந்திருந்தாள். "கிட்ட வரலாமா அண்ணே?" என்று அது கேட்டது.



எல்லார் காலும் பட்டுப் பழகிய விளக்குமாறு, ஒரு தூள் சிந்தாமல் மெல்லக் கூட்டி ரோஜாச் செடியடியில் சேர்த்தது. "இங்கே யார் காலும் படாது அண்ணே."

பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு வெளியே வந்த மதலேனாள் விளக்குமாற்றை எடுத்தாள். அதன் நுனியிலும் கொஞ்சம் சாம்பல் ஒட்டியிருந்தது. எவ்வளவு தட்டியும் அது இறங்கவில்லை.