நெஞ்சோடு கட்டிய பிள்ளை

சட்டையைக் கழற்றச் சொன்னபோதே அஜந்தன் இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

சோப்புப் போட்டு நெஞ்சைக் கழுவ வைத்தார்கள். சாய்மானக் கதிரையில் உட்கார வைத்தார்கள். வேண்டாம் என்று வாயெடுப்பதற்குள் ஆஸ்பத்திரித் தாதி ஜெனீரா மிஸ்ஸி அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்து, அவன் வெறும் நெஞ்சில் குப்புறப் போட்டு, நீளத் துணியால் இரண்டு சுற்றுச் சுற்றி, முதுகுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுவிட்டாள்.

பிள்ளையா அது? தோலுரித்த அணில் மாதிரி இருந்தது. முதுகெல்லாம் பூனை மயிர். கழுத்து மடிப்பில் வெள்ளையாக, வழவழவென்று என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. பச்சை இரத்த வாடை வேறு.

சீ, என்ன கருமம் இது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அஜந்தன் சுத்தக்காரன். ஸ்பிரிங்வெளிப் பக்கம் அவன் ஆட்டோவில் ஏறுகிறவர்கள் செருப்பைத் தட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். ஈரக் கூடையோடு வந்தால் ஏற்றவே மாட்டான். அப்பேர்ப்பட்ட வண்டியின் பின்சீட்டு முழுக்க இப்போது ஜீவராணியின் இரத்தமும் தண்ணீரும்.

மாதம் நிறையுமுன்னே அவளுக்கு வலி வந்துவிட்டது. விடியற்காலை மழையில், தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் ஓடக்கூடிய வண்டி அவனுடையது ஒன்றுதான். அவள் பக்கத்து வீட்டுக் கருப்பம்மா கதவைத் தட்டி, உசிரு போகுது என்று கையெடுத்துக் கும்பிட்டதால்தான் சாவியை எடுத்தான். பதுளைக்கு வந்து சேரும் வரை அவள் முகம் தெரியக் கூடாதென்று கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு ஓட்டினான்.

அவளைத் தலைமுழுகி வருடக்கணக்காகிறது.

ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, ஆற்றில் சீட்டைக் கழுவிக்கொண்டு போய்விடுவதாகத்தான் இருந்தான். மழை விடட்டும் என்று வாசலில் நின்றது தப்பாகப் போயிற்று. வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்துவிட்டார்கள், பிள்ளை உடம்பு சில்லிட்டுக் கிடக்கிறது, அப்பா எங்கே என்று தேடி வந்த மிஸ்ஸி, சட்டையில் இரத்தத்தோடு நின்றவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"ஆடாம இரிங்க. தாய் வெளிய வாற வரைக்கும் ஒங்கட சூடுதான் புள்ளைக்கு உசிரு."

ஆடாமல் இருந்தான். வேறு என்ன செய்வது?

பக்கத்துக் கதிரையில் பெரகல ஊர்க்காரி ஒருத்தியும் தன் பிள்ளையை இப்படித்தான் கட்டிக்கொண்டு கிடந்தாள். முதலில் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும் என்று அவனுக்குத் தைரியம் சொன்னாள். அவனுக்கு மானமே போய்விட்டது. லயத்தில் யாராவது பார்த்தால் ஆயுசுக்கும் பட்டப்பெயர்தான்.

துணி இறுக்கிப் பிடித்தது. அந்தப் பிடி அவனுக்குப் புதிதில்லை.

சின்ன வயதில், தங்கச்சிக்குக் காய்ச்சல் என்று வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஏற்காத நாட்களில், அம்மா அவளைப் பழைய சேலையால் அவன் முதுகில் கட்டிவிட்டுத்தான் கொழுந்தெடுக்கப் போவாள். அந்தச் சனியன் இறக்கிவிட்டால் அழும். கட்டிக்கொண்டால் முதுகிலேயே மூத்திரம் விடும். கால்சட்டை வரை வழியும். பொடியன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் வருவார்கள். அன்றைக்குப் பிடித்த அருவருப்பு இன்னும் விடவில்லை.

குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். மூக்கைக் கண்டதும் உடம்பெல்லாம் எரிந்தது.

அச்சு அசல் தியாகுவின் மூக்கு. பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற அத்தனை சனத்துக்கும் முன்னால், அஜந்தனுடைய அப்பாவின் முகத்தில் காறித் துப்பினானே ஒருவன், அவன் மகன்தான் தியாகு. ஊரில் இவ்வளவு ஆம்பளை இருக்க, ஜீவராணிக்கு அவன்தானா கிடைத்தான்? அந்த எச்சிலின் வாரிசு இப்போது இவன் நெஞ்சில் எச்சில் ஒழுக்கிக்கொண்டு கிடக்கிறது.

அப்போதுதான் வயிற்றில் ஏதோ வெதுவெதுப்பாக இறங்கியது.

காட்டுப்பீ, பிறந்த பிள்ளை முதல்முதலாகப் போவது. கறுப்பாக, பிசுபிசுவென்று, பிள்ளையின் இடுப்பில் சுற்றியிருந்த துணியையும் மீறி அவன் தொப்புளுக்குள் போய்க்கொண்டிருந்தது.

போதுமடா சாமி, அவிழ்த்து அந்தப் பக்கம் போட்டுவிட்டு எழுந்து போய்விடலாம் என்று கையைப் பின்னால் கொண்டுபோனான். முடிச்சு கையில் அகப்பட்டது.

பிள்ளை மூச்சை நிறுத்தியது.

அதுவரை நெஞ்சில் குறுகுறுத்துக்கொண்டிருந்தது சட்டென்று நின்றுபோயிற்று. உதடு நீலம் பாரித்தது. மிஸ்ஸி அறையின் அடுத்த கோடியில் நின்றாள். கூப்பிட்டான். அவள் காதில் விழவில்லை.

முடிச்சை விட்டான். அந்தக் கையாலேயே பூனை மயிர் முதுகைத் தேய்த்தான். செத்துத் தொலையாதே, என்மேல் கிடந்து செத்துத் தொலையாதே என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே தேய்த்தான்.

பிள்ளை ஒரு தும்மல் போட்டது. பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி மூச்சு விட ஆரம்பித்தது.

மூக்கிலிருந்து வந்தது அவன் நெஞ்சு மயிரில் ஒட்டியது. துடைக்கவில்லை. முதுகிலிருந்து கையை எடுக்கப் பயமாக இருந்தது.

மிஸ்ஸி வந்து பார்த்தாள். தாய் கண் முழித்துவிட்டாள் என்று சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் ஆள் அரவம். தியாகு. பண்டாரவளையில் கட்டட வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறான். முழங்கால் வரை சேறு. நகமெல்லாம் சீமெந்து. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கிட்டே வந்தான்.

மிஸ்ஸி அவனையும் இவனையும் மாறி மாறிப் பார்த்தாள். உங்களில் யார் அப்பா என்று கேட்டாள்.

அஜந்தன் துணியை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துப் பிள்ளையின் தலையை மூடினான். தியாகுவின் முகத்தைப் பார்க்கவில்லை. மிஸ்ஸியிடம்தான் சொன்னான்.

"அவன்தாங்க அப்பன். நான் தாய்மாமன். மொதல்ல அவன கையக் கழுவிட்டு வரச் சொல்லுங்க."